சென்னை வெயிலுக்கு ஒயின் ஃப்ரிட்ஜ்: பெல்டியரா, கம்ப்ரசரா?

ஒயின் ஃப்ரிட்ஜ் விற்கும் கடையில் கேட்டால் எந்தப் பெட்டியும் 12 டிகிரிக்கு இறங்கும் என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை. ஏசி ஓடும் ஷோரூமில், சுற்றிலும் 24 டிகிரி இருக்கும்போது எல்லாமே இறங்கும். அக்னி நட்சத்திரத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஏசி போடாத ஹாலில் அதே பெட்டி என்ன காட்டும்? சென்னைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி அது. அதை வைத்தே கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு ரகங்களை இங்கே எடைபோடுகிறோம்: கரண்ட் பாய்ந்தால் குளிரும் தகட்டை வைத்து ஓடும் 18 பாட்டில் பெல்டியர் பெட்டி, சாதாரண ஃப்ரிட்ஜ் போலவே ஓடும் 46 பாட்டில் கம்ப்ரசர் பெட்டி. எந்த பிராண்டாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

நெடுநாள் வைக்கும் ஒயினுக்கு 12 முதல் 14 டிகிரி, 60 முதல் 70 சதவீத ஈரப்பதம், இருட்டு, அசையாத இடம். இதில் முதலாவதுதான் உயிர். அதிலும் எண்ணைவிட நிலைத்தன்மை முக்கியம்: வருடம் முழுக்க 15 டிகிரியில் கிடந்த பாட்டில், பத்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையே ஏறி இறங்கிய பாட்டிலைவிட எவ்வளவோ மேல். சூடேறினால் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். குளிர்ந்தால் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். இது மாதக்கணக்கில் நடந்தால் கழுத்தில் ஒயின் மட்டம் இறங்கும், ஃபாயிலுக்கு அடியில் பிசுபிசுப்பு தெரியும், கார்க் வாயின் விளிம்புக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். கடையில் விலையுயர்ந்த பாட்டில் வாங்கும்போதும் இந்த மூன்றையும் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். சூட்டில் வெந்த ஒயினுக்குப் பழத்தின் புதுமை போய், ஜாம் காய்ச்சிய வாசனை வரும். பிறகு எந்த ஃப்ரிட்ஜில் வைத்தும் அதை மீட்க முடியாது.

பெல்டியர் பெட்டியில் கம்ப்ரசரும் இல்லை, கேஸும் இல்லை. தீப்பெட்டி அளவுக்கு ஒரு பீங்கான் தகடு; கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். பிரான்ஸைச் சேர்ந்த ழான் பெல்டியர் 1834இல் கண்டறிந்த விளைவு அது. அதிர்வு இல்லை, சத்தமும் சிறு ஃபேன் சத்தம்தான். கேட்பதற்கு ஒயினுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆனால் வெளியே இருக்கும் சூட்டிலிருந்து ஓர் அளவு டிகிரியைக் கழித்துக் கொடுப்பதோடு அதன் சக்தி முடிந்தது. வீட்டுப் பெட்டிகளில் அந்தக் கழிவு பெரும்பாலும் 14, 15 டிகிரி. மார்கழியில் ஹால் 26 டிகிரி என்றால் உள்ளே 12, பிரமாதம். மே மாதம் பூட்டிய வீட்டுக்குள் 35 என்றால் உள்ளே 20. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி தொட்ட 2003 மே 31 போல ஒரு நாள் வந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். திரையில் மட்டும் ‘12’ என்று நீங்கள் வைத்த எண் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். பல மாடல்கள் உள்ளே இருக்கும் உண்மை வெப்பத்தைக் காட்டுவதே இல்லை.

கரண்ட் விஷயத்திலும் இது சிக்கனம் இல்லை. வெயில் காலத்தில் வைத்த டிகிரியை எட்டவே முடியாததால் தகடு ஒரு நிமிடம்கூட ஓயாது. 70 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு சுமார் 100 யூனிட். அவ்வளவையும் இந்தக் குட்டிப் பெட்டி ஒன்றே தின்றுவிடும். பின்பக்க ஃபேனில் தூசி படிந்தால் கழிவு 10 டிகிரிக்குக் குறையும். ஃபேன் நின்றாலோ, சுடும் பக்கத்துச் சூடு உள்ளேயே திரும்பி, பெட்டி அறையைவிட வெதுவெதுப்பாகிவிடும். 24 மணி நேரமும் ஏசி ஓடும் அறை இருந்தால், ஆறு மாதத்துக்குள் குடித்துத் தீர்க்கும் பாட்டில்களுக்கு மட்டும் வாங்கலாம். சேகரிப்புக்கு வேண்டாம்.

ஆக, கம்ப்ரசர். அதிலும் எல்லாம் சென்னைக்கு ஆகாது. பெட்டியின் பின்புறமோ உள்பக்கச் சுவரிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண், வோல்டேஜ், கேஸ் அளவோடு ‘கிளைமேட் கிளாஸ்’ என்று ஓரிரு எழுத்து அச்சிட்டிருப்பார்கள். எஸ்என் என்றால் 10 முதல் 32 டிகிரி வரையுள்ள அறைக்கு, என் என்றால் 16 முதல் 32 வரை, எஸ்டி 38 வரை, டி 43 வரை. ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த அழகான மாடல்கள் பல எஸ்என் அல்லது என். இங்கே அவை ஓடும். ஆனால் மே மாதத்தில் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, சில வருடத்தில் ஓய்ந்துபோகும். எஸ்டிக்குக் கீழே வாங்காதீர்கள், டி கிடைத்தால் நல்லது. விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்; பெட்டியைத் திருப்பச் சொல்லி ஸ்டிக்கரைப் படியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒயினே தேவையில்லை. வண்டியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டு ஸ்விட்ச் போடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாயிலிருந்து கீழே இறங்க வேண்டும். பிறகு காலி பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி மேல்தட்டில் இரண்டு, நடுவில் இரண்டு, அடியில் இரண்டு வையுங்கள். மீன்தொட்டிக்கு விற்கும் ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதன் முனையைப் பாட்டில் தண்ணீருக்குள் விட்டு, ஒயரைக் கதவு ரப்பருக்கு இடையே வெளியே கொண்டுவந்து, ஒன்றரை நாள் கழித்துப் படியுங்கள். கம்ப்ரசர் நின்று ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே காற்று நாலைந்து டிகிரி ஊசலாடும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பாட்டிலுக்குள் அரை டிகிரிகூட அசையக்கூடாது. மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள் ஃபேன் சரியில்லை அல்லது தட்டில் காற்று போக வழியில்லை. கதவு ரப்பருக்கு ஒரு ரூபாய் நோட்டு போதும்: கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடித்துக்கொண்டு வர வேண்டும், வழுக்கி வரக்கூடாது. நான்கு மூலையிலும் இழுத்துப் பாருங்கள். கீல் பக்கத்து அடி மூலைதான் வழக்கமாகத் தோற்கும்.

46 பாட்டில் என்பதை நம்பாதீர்கள். அந்த எண்ணிக்கை முழுக்க போர்டோ வடிவப் பாட்டிலுக்கானது; குறுக்களவு சுமார் 7.5 செ.மீ., நேரான தோள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அடுக்கினால் கச்சிதமாகப் பொருந்தும். பர்கண்டி வடிவப் பாட்டிலுக்கு வயிறு பெரிது, ஷாம்பெயின் பாட்டில் 9 செ.மீ. அருகே வரும். கலந்து அடுக்கினால் மூன்றில் ஒரு பங்கு குறையும், 30 நிற்கும். தட்டை இழுக்கும்போது மேலே இருக்கும் பாட்டிலின் லேபிள் உரசிக் கிழிவதும் இந்த நெருக்கடியால்தான். இருப்பதைவிட ஒன்றரை மடங்கு எண்ணிக்கை உள்ள பெட்டியாக வாங்குங்கள்.

டூயல் ஸோனுக்கு, அதாவது தனித்தனி டிகிரியில் இரண்டு அறை உள்ள பெட்டிக்கு, கூடுதல் பணம் கொடுப்பது எங்கள் கணக்கில் வீண். வெள்ளைக்கு 8, சிவப்புக்கு 16 என்று பிரிப்பது பரிமாறுவதற்கான ஏற்பாடு. பாதுகாக்க இரண்டுக்கும் 13 டிகிரியே சரி. நடுத்தடுப்பு மெல்லியதாக இருந்தால் வெயில் காலத்தில் இரண்டு அறையும் ஒன்றின் குளிரை ஒன்று திருடிக்கொண்டிருக்கும்.

பழுதுக்குப் பெரும்பாலும் காரணம் பெட்டி இல்லை, தச்சர். மாடுலர் கிச்சனில் அழகாக உள்ளடக்கிவிட வேண்டும் என்று மூன்று பக்கமும் பலகை அடித்துவிடுவார்கள். அடிப்பட்டியில் முன்பக்கமாகக் காற்று தள்ளும் கிரில் உள்ள மாடலுக்குத்தான் அது சரிப்படும். பின்பக்கம் சூடு விடும் மாடலை அப்படி அடைத்தால், அந்தப் பொந்துக்குள் 50 டிகிரி தேங்கி, டி கிளாஸ் பெட்டியும் திணறும். பின்னால் ஒரு சாண், பக்கத்துக்கு நாலு விரல், மேலே திறந்த வெளி விடுங்கள். மேற்குச் சுவரும் அடுப்பங்கரையும் வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் கடற்காற்று படும் ஜன்னலோரமும் வேண்டாம். பின்பக்கக் குழாய்க் கம்பிகள் உப்பில் அரித்து, கேஸ் கசிவதில் முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் தரைத்தளம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் உள்ளே நிலைமை வேறு. குளிர்க் குழாயில் ஈரம் படிந்து, பின்சுவரில் ஓடை மாதிரி இறங்கி, ஒரு சிறு துளை வழியாக கம்ப்ரசர் மேலிருக்கும் தட்டுக்குப் போய் ஆவியாக வேண்டும். கதவை அடிக்கடி திறந்தால் இந்த ஊரில் அந்தத் தண்ணீர் அதிகம். துளை பூஞ்சையால் அடைத்தால் பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி, அடித்தட்டு லேபிள்கள் கறுக்கும். மாதம் ஒருமுறை காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுத்தம் செய்தால் போதும். லேபிளுக்கு மதிப்புள்ள பாட்டில்களை கிளிங் ஃபிலிமில் சுற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் வியர்ப்பது பழுது இல்லை. இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே வியர்த்தால் பழுது.

கரண்ட் போவதைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். நிறைந்த பெட்டியைத் திறக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் பாட்டிலுக்குள் ஏறுவது ஓரிரு டிகிரிதான். பாதி காலி என்றால் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி வையுங்கள், அதுவே குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் ஸ்டெபிலைசர் கட்டாயம், அதிலும் கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் பொறுத்து ஓடவிடும் டைமர் உள்ளது. இன்வெர்ட்டரில் போட வேண்டுமானால் சைன் வேவ் மட்டுமே; ஸ்கொயர் வேவில் கம்ப்ரசர் முனகிச் சூடாகும்.

எதை உள்ளே வைப்பது? நாசிக்கின் சாவிஞான் பிளாங்க், செனின் பிளாங்க் எல்லாம் வந்த வேகத்தில் குடிக்கச் செய்தவை. இரண்டு வருடம் வைத்தால் நஷ்டம்தான். நெடுநாள் வைத்தால் மெருகேறும் நல்ல போர்டோ, பரோலோ, சொட்டேர்ன், வின்டேஜ் போர்ட் ஆகியவை இடத்துக்குத் தகுதியானவை. ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரிசர்வா சிவப்பு குறைந்தது ஐந்து வருடம் முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வருவது, அதனால் பாதிக் காத்திருப்பை ஒயினரியே முடித்துக் கொடுத்திருக்கும். பெட்டிக்கு வெளியே விடக்கூடியது போர்ச்சுகலின் தீவு ஒயினான மதேரா ஒன்று. அதில் ஒரு வகையைத் தொட்டியிலேயே 45 டிகிரிக்கு மேல் சூடாக்கி மாதக்கணக்கில் வைத்துச் செய்கிறார்கள். கப்பலில் வெப்பக் கடல் தாண்டி வந்த பீப்பாய் ருசி கூடியிருந்ததைக் கண்டு பிறந்த முறை அது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்த கம்பெனி அதிகாரிகள் மதேராவை விரும்பிக் குடித்ததில் ஆச்சரியமே இல்லை, மெட்ராஸ் வெயிலைத் தாங்கும் ஒயின் அது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு டூட்டி ஃப்ரீ வரம்பு 2 லிட்டர். அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு, மூன்றாவது வரம்பைத் தாண்டும். வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் மாநில விதியில் வரம்பு உண்டு. பெரிய பெட்டி வாங்கும் முன் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையில் அன்றைய விதியைக் கேட்டு, அனுமதி தேவையென்றால் வாங்கிவிடுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் காரை வெயிலில் நிறுத்திச் சாப்பிடப் போகாதீர்கள். டிக்கியில் ஒரு மணி நேரம் கிடந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

விருந்தன்று சிவப்பை ‘ரூம் டெம்பரேச்சரில்’ என்று மேசையில் எடுத்து வைக்க வேண்டாம். 13 டிகிரியில் எடுத்து நேரே ஊற்றுங்கள், 30 டிகிரி அறையில் கிளாஸிலேயே 16, 17க்கு ஏறிவிடும். ஒரு தடவைக்கு 100 மில்லிக்கு மேல் ஊற்றினால் கடைசி வாய் வெதுவெதுப்பாகும். வெள்ளைக்கு ஐஸும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் கால் மணி நேரம். வண்டல் படிந்த பழைய பாட்டிலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைக்க வேண்டும். அதற்கு அடித்தட்டில் 32 செ.மீ. உயரம் இருக்கிறதா என்று வாங்கும்போதே ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.

சர்வீஸில் ஒரே ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்600ஏ கேஸ், சில பத்து கிராம்தான் இருக்கும், தீப்பற்றக்கூடியது. தெருமுனை மெக்கானிக் கையில் இருக்கும் ஆர்134ஏ என்ற வேறு கேஸை அதில் அடித்தால் பெட்டி ஓடும், குளிராது, சில வாரத்தில் கம்ப்ரசர் போகும். வாங்கும் கடையிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆர்600ஏ கையாளத் தெரிந்த ஆள் சென்னையில் இருக்கிறாரா, கன்ட்ரோல் போர்டு எத்தனை நாளில் வரும்? இரண்டுக்கும் நேரான பதில் இல்லையென்றால், ஸ்டிக்கரில் ‘டி’ என்று இருந்தாலும் அடுத்த கடைக்குப் போங்கள்.