நெட் கேபிளைப் பிடுங்கினாலும் ஓடுமா? டிஸ்க், டிஜிட்டல் இரண்டையும் பல வருஷம் ஆடிப் பார்த்த அனுபவம்

தண்டையார்பேட்டையில் மாடி வீடு. சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோல்களான பிஎஸ்4-இல் தொடங்கி பிஎஸ்5 வரை, கூடவே ஒரு லேப்டாப்பிலும், பத்து வருஷத்துக்கு மேலாக விளையாடிவருகிறேன். அலமாரியில் டிஸ்க்குகள் இருக்கின்றன. ஸ்டீம், ஜிஓஜி, பிளேஸ்டேஷன் ஸ்டோர் என்ற மூன்று ஆன்லைன் கடைகளிலும் காசு கொடுத்து டிஜிட்டலாக, அதாவது டிஸ்க் இல்லாமல் நெட்டில் இறக்கிக்கொள்ளும்படி வாங்கிய கேம்களும் இருக்கின்றன. புதிதாக கன்சோல் வாங்குகிறவர்கள் "டிஸ்க்கா, டிஜிட்டலா?" என்று கேட்கும்போது விலை, தள்ளுபடி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் பார்க்கச் சொல்வேன்: நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆன் பண்ணினால் அந்த கேம் ஓடுமா? கொடுத்த பணத்துக்கு எது முழுசாகப் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை எனக்குப் பிரித்துக் காட்டியது இந்தக் கேள்விதான்.

எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். புயல் என்றால் முதலில் கரண்டை நிறுத்துவார்கள். தண்ணீர் வடிந்ததும் கரண்ட் வந்துவிடும், நெட் வராது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வரும் ஃபைபர் எங்கே அறுந்தது என்று கேபிள்காரர் தெருத்தெருவாகத் தேட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, மணலி, எண்ணூர் என்று பல இடங்களில் தண்ணீர் நின்றது. செல்போன் சிக்னலும் சரியாக இல்லாததால் ஹாட்ஸ்பாட் போடவும் வழியில்லை. கரண்ட் வந்து நெட் வராத அந்த இடைவெளியில், பள்ளிக்கூடம் லீவு என்பதால் அக்கா பையன் எங்கள் வீட்டில்தான் இருந்தான்.

"மாமா, இந்த கேம்ல பூட்டு போட்டிருக்கு. இன்னா ஆச்சு?"

கன்சோலில் முழுசாக இறங்கியிருந்த கேம் அது. ஆனால் அம்பத்தூரில் இருக்கும் என் தம்பியின் அக்கவுன்ட்டில் வாங்கியது. அவன் அக்கவுன்ட்டுக்கு முதன்மை கன்சோல் அவன் வீட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டு பிஎஸ்5-இல் அந்த கேமைத் திறக்க, அவன் அக்கவுன்ட்டுக்கு உரிமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டாக வேண்டும். கேட்க நெட் இல்லை, அதனால் பூட்டு. என் சொந்த அக்கவுன்ட்டில் வாங்கியவை திறந்தன. டிஸ்க்குகளும் திறந்தன, ஒன்றைத் தவிர. அது ஒரு கார் ரேஸ் கேம். டிஸ்க் உள்ளே இருந்தும் ஒரு சின்ன மூலை மட்டும்தான் ஆடக் கிடைத்தது.

டிஜிட்டலாக வாங்குகிறவர்கள் கன்சோலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பார்க்க வேண்டியது இந்த முதன்மை கன்சோல் விஷயம். பிஎஸ்5-இல் செட்டிங்ஸுக்குள் யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ், அதில் அதர், அதற்குள் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே' என்று இருக்கும். அது உங்கள் கன்சோலில் ஆன் ஆகியிருந்தால் வாங்கிய கேம் நெட் இல்லாமல் திறக்கும், வீட்டில் இருக்கும் மற்ற அக்கவுன்ட்டுகளுக்கும் திறக்கும். பிஎஸ்4-இல் இதையே 'ப்ரைமரி பிஎஸ்4' என்பார்கள். ஒரு அக்கவுன்ட்டுக்கு ஒரு பிஎஸ்5-தான். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு அக்கவுன்ட்டைப் பங்கு போட்டால், நெட் போன நாளில் ஒரு வீடு காத்திருக்கத்தான் வேண்டும். இதற்கு மழைகூடத் தேவையில்லை. 2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரு நாள் படுத்தது. வீட்டில் நெட் நன்றாக இருந்தும், முதன்மை அல்லாத கன்சோலில் ஆடியவர்களுக்கு அன்றைக்கு இதே பூட்டுதான்.

ஸ்டீமில் ஆஃப்லைன் மோட் நம்பும்படி வேலை செய்கிறது. நெட் இருக்கும்போதே கேமை முழுசாக அப்டேட் பண்ணி, ஒருமுறை திறந்து பார்த்து, லாகின் நினைவில் இருக்கும்படி விட்டுவைத்தால் போதும். தொல்லை வருவது ஸ்டீமுக்கு உள்ளே இன்னொரு கம்பெனியின் லாஞ்சரை, அதாவது கேமைத் திறந்துவிடும் தனி ஆப்பைச் சொருகி விற்கிற கேம்களில். ஸ்டீம் சரி என்கும், உள்ளே இருப்பது மறுபடி பாஸ்வேர்டு கேட்டு நெட்டைத் தேடும். அந்த மாதிரி ஒரு கேம் கரண்ட் இல்லாத ராத்திரியில் இப்படி மறுத்த பிறகு, வாங்கும் பக்கத்தின் ஓரத்தில் மூன்றாம் தரப்பு அக்கவுன்ட் வேண்டும் என்று சின்னதாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் காசு கட்டுவதில்லை.

டிஸ்க் பக்கம் வருவோம். எங்கள் ஏரியாவில் டிஸ்க்குக்கு ஒரு தனி வாழ்க்கையே இருக்கிறது. பாரிமுனை பர்மா பஜார் வரிசையில் பிஎஸ்2 காலத்தில் காப்பி டிஸ்க்குகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. பிஎஸ்4, பிஎஸ்5 வந்தபின் அந்த வழி அடைபட்டு, இப்போது ஒரிஜினல் டிஸ்க்கின் எக்ஸ்சேஞ்ச்தான் ஓடுகிறது. பிஎஸ்5-இன் பெரிய கேம் புதுசு என்றால் ஐயாயிரம் ரூபாய் பக்கம். சில மாசம் பொறுத்தால் செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆடி முடித்துத் திருப்பிக் கொடுத்தால் சில நூறு ரூபாய்தான் கையைவிட்டுப் போகும். கதை இருக்கிற தனி ஆள் கேம் ஒன்றை இதைவிடச் சிக்கனமாக நேர்வழியில் ஆட எனக்கு வேறு வழி தெரியவில்லை. டிஜிட்டலில் தொண்ணூறு சதவீதம் தள்ளுபடிக்கே வாங்கினாலும் முடித்த கேமை யாருக்கும் கொடுக்க முடியாது. என் தெருவில் ஒரு நல்ல டிஸ்க் ஒரே வருஷத்தில் பல வீட்டுக்குப் போய்வரும். வாங்கிப் போகிறவன் பையன்கள் கையில் கொடுக்க மாட்டான் என்று தெரிந்தால் போதும்.

கால்பந்து கேம்களின் விஷயம் இன்னும் வேடிக்கையானது. வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு ஃபுட்பால் ஆடுகிற பையன்கள் இருப்பதால் அந்த டிஸ்க்குக்கு எப்போதும் கிராக்கி. ஆனால் வருஷத்துக்கு ஒன்று வருவதால் புதுசு வந்த மாசமே பழசின் விலை சரிந்துவிடும். நண்பர்கள் வீட்டுக்கு வந்து ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுவதற்கு போன வருஷ டிஸ்க்கே தாராளம். இதற்கு நெட்டும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது சிலதைக் கவனிக்க வேண்டும். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ எடுத்துக் கொடுக்கும்போது, "தம்பி, உள்ள ரெண்டு டிஸ்க்கும் கீதான்னு பாத்துக்கோ, அப்புறம் வந்து நிக்காத" என்றார். பிஎஸ்4-க்கான அந்த கேமில் ஒரு டிஸ்க் டேட்டாவுக்கு, இன்னொன்று ஆடுவதற்கு. டேட்டா டிஸ்க் இல்லாமல் இன்ஸ்டாலே ஆகாது. பெட்டிக்குள் இருக்கும் கூடுதல் உள்ளடக்கத்தைத் திறக்கும் குறியீட்டு எண் சீட்டு முதல் ஆளோடு முடிந்துவிடும், அதை நம்பி விலை கொடுக்கக் கூடாது. கீறலைக் கட்டாயம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டிவிடியில் டேட்டா நடுவில், 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், அதனால் பிஎஸ்2 டிஸ்க்கைப் பற்பசை போட்டுத் தேய்த்து மீட்டார்கள். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகள் ப்ளூரே வகை, அதில் டேட்டா அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதைக் காக்க மேலே ஒரு கெட்டிப் பூச்சு உண்டு. லேசான கீறலைத் தாங்கும், ஆழமாகப் போனால் தேய்த்துச் சரிபண்ண இடமே இல்லை.

டிஸ்க்கைவிட அதைப் படிக்கும் டிரைவுக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம். காசிமேட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்று, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, இரண்டும் வீட்டுக்குள் வந்து சேரும். டிரைவின் லென்ஸில் புழுதி படிந்தால் டிஸ்க்கைத் துப்பும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் லென்ஸ் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிஎஸ்4-லும் முதலில் வந்த பிஎஸ்5-லும் டிரைவின் சர்க்யூட் போர்டு மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறு டிரைவை முழுசாகத் தூக்கிப் போட்டால் கேம் டிஸ்க்கைப் படிக்காது. பழைய போர்டை வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். போர்டே எரிந்துபோனால் அலமாரி நிறைய டிஸ்க் இருந்தும் அந்த கன்சோலில் ஒன்றும் ஓடாது. அதனால் என் கன்சோல் யூபிஎஸ் வழியாகத்தான் ஓடுகிறது, விளையாடாதபோது மேலே பருத்தித் துணி போட்டு மூடிவைக்கிறேன்.

டிஸ்க் இருந்தால் கேம் முழுசாக இருக்கிறது என்ற நம்பிக்கையும் இப்போது எல்லா கேமுக்கும் பொருந்தாது. 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் டிஸ்க்கில் இருந்தது சுமார் 85 எம்பி. பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை இடம் இருந்தும், மீதியை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். நின்டென்டோ ஸ்விட்ச் 2-இல் கேம்-கீ கார்டு என்றே ஒன்று வந்துவிட்டது. கார்டில் கேம் இல்லை, இறக்கிக்கொள்ள அனுமதி மட்டும் இருக்கிறது. இந்தப் போக்கு எனக்குக் கவலை தருகிறது. பெட்டியைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவந்தவருக்கும் சர்வர் இருக்கிற வரைக்கும்தான் பாதுகாப்பு என்றாகிவிடுகிறது. டேட்டா கணக்கையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 ஜிபி தருகிற மொபைல் பிளானை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் 100 ஜிபி கேமை இறக்க 50 நாள் ஆகும், அதுவும் வேறு எதையும் பார்க்காமல் இருந்தால். எங்கள் பகுதியில் இப்படியான வீடுகள் நிறைய.

முழு கேமும் டிஸ்க்கில் இருந்தும் உதவாத சந்தர்ப்பங்கள் உண்டு. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பிஎஸ்4-இல் அத்தனை குறைகளோடு வந்தது, சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்துவிட்டு 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. நெட் இல்லாமல் முதல் டிஸ்க்கை மட்டும் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது அந்தக் குறைகள்தான். எனவே பெரிய கேம்களை வந்த மாசத்தில் வாங்குவதை விட்டுவிட்டேன். விரிவாக்கங்களையும் சேர்த்துப் பிறகு வரும் முழுப் பதிப்பு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறேன். விட்சர் 3 அப்படி 2016-இல் வந்தது, நெட் போன நாட்களில் என் வீட்டில் அதிகம் ஓடியது அதுதான். எந்நேரமும் நெட் கேட்கும் கேமுக்கு டிஸ்க் எந்தக் காப்பும் தராது. 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேமின் சர்வர் பராமரிப்பு 30 மணி நேரத்தைத் தாண்டியது, டிஸ்க் வாங்கியவர்களாலும் பெரும்பகுதியை ஆட முடியவில்லை.

இதைவிட மோசமானது சர்வரை ஒரேயடியாக மூடுவது. யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் கார் ரேஸ் கேமான தி க்ரூ 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31-இல் சர்வர் நின்றது. டிஸ்க்கும் போச்சு, டிஜிட்டலும் போச்சு, தனியாகக் கார் ஓட்டவும் முடியாது. அதையொட்டி யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு 2025-இல் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. அவர்கள் கேட்பது நியாயமானது: மூடும்போது, வாங்கியவர்கள் தொடர்ந்து ஆட ஒரு வழி விட்டுவிட்டு மூடுங்கள். செய்ய முடியாத காரியமும் இல்லை, தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் முறையை அதே நிறுவனம் பின்னால் கொடுத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, டிஜிட்டலில் கிடைப்பது உரிமம் மட்டும் என்று கடைகள் வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் அதற்கு முன்பே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டது. அந்த அறிவிப்பு இந்தியில், தமிழில் எல்லாம் கொட்டை எழுத்தில் இங்கேயும் வர வேண்டும் என்பது என் ஆசை.

டிஜிட்டலில் என் முழு நம்பிக்கையைப் பெற்றது ஜிஓஜி. 2008-இல் தொடங்கியது, பூட்டு இல்லாமலே கேம் விற்கிறது. வாங்கியதும் இன்ஸ்டாலர் ஃபைலை இறக்கி வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடலாம். பிறகு அந்தக் கடையே இல்லாமல் போனாலும் இன்ஸ்டால் ஆகும். மிக்ஜாம் சமயத்தில் கரண்ட் வருவதற்கு முன், லேப்டாப்பை இன்வெர்ட்டரில் போட்டு அக்கா பையனும் நானும் ஆடியது அப்படி வைத்திருந்த பழைய கேம்கள்தான். எல்லாப் புது கேமும் அங்கே வருவதில்லை என்பதுதான் குறை. வருவதை அங்கேயே வாங்குகிறேன், ஸ்டீமில் நூறு ரூபாய் குறைவாக இருந்தாலும். மாதச் சந்தாக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: புது கேம்களைத் தொட்டுப் பார்க்க நல்லவை, சந்தா நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

சேவ் ஃபைலை, அதாவது ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்பதைச் சேமிக்கும் ஃபைலைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயம். டிஸ்க்கை மறுபடி வாங்கிவிடலாம், மாசக்கணக்கில் ஆடிச் சேர்த்ததை வாங்க முடியாது. பிஎஸ்4-இல் சேவ் ஃபைலை யூஎஸ்பியில் எடுத்து வைக்கலாம். பிஎஸ்5 கேம்களின் சேவ் ஃபைலை அப்படி எடுக்க விடுவதில்லை, சந்தா கட்டி க்ளவுடில், அதாவது நெட் வழியாக அவர்கள் சர்வரில் ஏற்ற வேண்டும். ஆஃப்லைனில் ஆடுகிறவருக்கு பிஎஸ்5 செய்த பெரிய குறை இதுதான் என்பேன்.

இப்போது புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் மிச்சம் என்று டிரைவ் இல்லாத மாடலுக்குப் போகாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் அந்தப் பணம் சில கேம்களிலேயே திரும்பிவிடும். 2023 கடைசியில் வந்த பிஎஸ்5 ஸ்லிம் மாடலில் டிரைவ் கழற்றி மாட்டும் வகை. அதை முதலில் கன்சோலோடு இணைக்க ஒருமுறை நெட் வேண்டும். கடையிலிருந்து வந்த அன்றே இணைத்து, ஒரு டிஸ்க்கைப் போட்டு இன்ஸ்டால் பண்ணி, ரௌட்டரை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் பில்லோடு கடைக்குப் போக அப்போது நேரம் இருக்கும்.