பெரிய பள்ளிக்கூடத்துக்கு மூன்று நட்சத்திரம்

பெயர் போடமாட்டேன். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதிக்கரையில் உள்ள நகரம் ஒன்றில் இருக்கிற 1ஏபி பாடசாலை, அதாவது உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரைக்கும் உள்ளது. மகள் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினாள். எங்கள் ஊர் முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம், அங்கே அவளுடைய வகுப்பில் பதினான்கு பிள்ளைகள், தாண்டியது இவள் ஒருத்தி, பிறகென்ன, ஊரே "நல்ல பள்ளிக்கூடத்தில விடுங்கோ" என்று வாசலில் நின்றது. மாமி வீட்டில் நின்று தரம் 6, 7 இரண்டும் அங்கேதான் படித்தாள்.

ஆங்கில ரீச்சருக்கு முழுப் புள்ளி. பயமில்லாமல் பேச வைத்தார், அதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போட்டிருக்கிறேன். ஆய்வுகூடமும் இருக்கிறது, ஆனால் அது உயர்தரப் பிள்ளைகளுக்கு. இவள் இரண்டு வருடத்தில் ஒரு தடவைதான் உள்ளே போனாள்.

சிக்கல் வேறு. இவளிடம் ஒரு கொப்பி இருந்தது. மாரி தொடங்கினால் துருசடிக்கு, அதாவது குளத்து மதகடிக்குப் போய் அளவுகோலைப் பார்த்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று திகதி போட்டு எழுதுவாள். குளம் எப்போது நிரம்பி வான் பாயும் என்று தானே கணக்குப் போட்டு, பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று எங்கள் தலையைத் தின்பாள். பழைய பள்ளிக்கூடத்துச் சேர் அந்தக் கொப்பியை வைத்தே வகுப்புக்கு வரைபு கீறக் காட்டிக்கொடுத்தவர். இங்கே அதைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள், "இது சோதனைக்கு வராது, உள்ளே வை" என்றாராம் ஆசிரியர். நாற்பத்திரண்டு பேர் இருக்கிற வகுப்பு, அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதன்பிறகு பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். பின்னேரம் ரியூசன், சனிக்கிழமையும் ரியூசன், தவணைக்குத் தவணை "எத்தனையாம் பிள்ளை?" என்ற விசாரணை. ஊரில் முதலாம் பிள்ளை, அங்கே பத்தொன்பதாம் பிள்ளை. புள்ளி பெரிதாகக் குறையவில்லை, படிப்பில் இருந்த ஆசைதான் போய்விட்டது. அது றிப்போட்டில் தெரியாது.

தரம் 8க்கு ஊருக்கே கூட்டிவந்துவிட்டோம். எங்கள் பள்ளிக்கூடம் வகை 2, தரம் 11 வரைதான், கணித ஆசிரியருக்கு ஒரு தவணை முழுக்கக் காத்திருந்தோம், அதையும் மறைக்கவில்லை. மச்சான் இன்னும் ஏசுகிறார், யாழ்ப்பாணத்துக்காவது அனுப்பியிருக்கலாமாம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம்தான் தீவு முழுவதற்குமான திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவுப் பிள்ளை அவசரப்பட்டு மாவட்டம் மாறுவானேன் என்று கேட்டேன், வாய் திறக்கவில்லை.

உயர்தரத்துக்கு ஆய்வுகூடம் வேண்டும், அப்போது அதே நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கே மறுபடி விண்ணப்பிக்கவும் கூடும். சின்ன வகுப்புக்கு விட நினைக்கிறவர்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று மட்டுமாவது அதிபரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கொப்பி திரும்ப வெளியே வந்திருக்கிறது. போன கிழமை சோடாப் போத்தலை வெட்டி மழைமானி என்று முற்றத்தில் வைத்தாள், கோழி தட்டிவிட்டது, இப்போது கூரையில் கட்டித் தரச்சொல்லி நிற்கிறாள்.