எண்பதில் ஓடும் துளி, இருபதில் நிற்கும் துளி: முன்கண்ணாடிக்கு மழைப் பூச்சு தேவைதானா?

போன ஐப்பசியில் என் காரின் முன்கண்ணாடியை, மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் முழுவதும், கண்ணாடியில் நீர் பரவாமல் துளியாக உருளச் செய்யும் மழைப் பூச்சில் ஃப்ளோரின் வகையைப் பூசினேன். நான் அமர்ந்து ஓட்டும் வலப்பக்கத்தில் எதையும் பூசாமல், பாலீஷ் போட்டுச் சுத்தமாகக் கழுவி மட்டும் விட்டேன். இரண்டு வைப்பருக்கும் புது ரப்பர் மாட்டினேன். பூச்சு வேண்டுமா, நல்ல ரப்பரும் சுத்தமான கண்ணாடியும் போதுமா என்பதை ஒரே மழையில், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை. இடப்பக்க இருக்கையில் என் மச்சினன் உட்கார்ந்து கவனிப்பது என்று ஏற்பாடு.

சேலத்திலிருந்து கோவைக்குத் திரும்பும்போது சங்ககிரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வேகம் எண்பதில் இருந்தது. வைப்பரை விட்டுவிட்டு ஓடும் நிலையில் வைத்தேன். ஒரு துடைப்புக்கும் அடுத்த துடைப்புக்கும் இடைப்பட்ட சில நொடிகளில் என் பக்கத்துக் கண்ணாடியில் நீர் பரவி, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்குகள் கரைந்து வழிந்தன. இடப்பக்கத்தில் விழுந்த துளிகளோ விழுந்த கணத்திலேயே உருண்டு, எறும்புச் சாரை மரமேறுவதைப் போல வரிசையாக மேல்நோக்கி ஓடிக் கூரை விளிம்பில் மறைந்தன. "மாமா, எனக்கு வைப்பரே வேண்டாமுங்க, ரோடு பளிச்சுன்னு தெரியுது" என்றான் அவன். பவானி, சித்தோடு, பெருந்துறை என்று விஜயமங்கலம் சுங்கச்சாவடி வரும்வரை அதே கதைதான். சாவடி வரிசையில் வண்டி நின்றதும் அவன் பேச்சு நின்றது. ஓடிக்கொண்டிருந்த துளிகள் அப்படியே நின்று, கண்ணாடி முழுவதும் பாசிமணி கொட்டியதுபோல் ஆயின.

அடுத்த வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் இருபது, முப்பதுக்கு மேல் வேகம் எடுக்க வழியில்லை. சாரல் மென்மையாகத்தான் இருந்தது; ஆனால் இடப்பக்கத்தில் ஒரு துளியும் நகரவில்லை. எதிரே பேருந்து ஒன்று முகப்பு விளக்குடன் வளைவில் திரும்பியபோது, ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி விளக்காக எரிந்ததைச் சாய்ந்து பார்த்தால் எனக்கே தெரிந்தது. பூசாத என் பக்கத்தில் நீர் மெல்லிய படலமாகப் பரவி, சற்றே மங்கலாக இருந்தாலும், சாலையின் விளிம்பும் சுவரும் பேருந்தும் அவற்றின் உருவத்தோடு தெரிந்தன. அதே கண்ணாடி, அதே பூச்சு, அதே ரப்பர். வேகம் ஒன்றுதான் மாறியிருந்தது. மழைப் பூச்சு பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் தீர்கிறது என்பது என் கருத்து.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல்தான். சுத்தமான கண்ணாடிக்கு நீரைப் பிடிக்கும். அதன்மேல் விழும் துளி தட்டையாகப் பரவிவிடும்; துளியின் விளிம்பு கண்ணாடியைத் தொடும் கோணமான சேர்கோணம் மிகவும் குறைவு. பூச்சு கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறு அடுக்கை விரித்து அந்த ஈர்ப்பை அறுத்துவிடுகிறது; சேர்கோணம் 100 பாகையைத் தாண்ட, துளி உருண்டையாகத் திரண்டு நிற்கிறது. தாமரை இலைத் தண்ணீர்போல என்று விற்பவர்கள் சொல்வார்கள். தாமரை இலையில் அந்தக் கோணம் 150 பாகைக்கு மேல்; இலையைச் சற்றே சாய்த்தால் போதும், துளி ஓடிவிடும். பூசிய கண்ணாடியில் அப்படி ஓடாது. துளியின் அடிப்பகுதி இன்னும் கண்ணாடியைப் பற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பிடியை அறுக்கக் காற்று தள்ள வேண்டும். அந்தத் தள்ளு ஏறக்குறைய மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் போதுமான அளவு கிடைக்கிறது. பெரிய துளி சற்று முன்னதாகவே கிளம்பிவிடும். சாரலின் பொடித் துளிகளுக்கு இன்னும் வேகம் வேண்டும். கண்ணாடியின் சாய்வுக்கும் இதில் பங்குண்டு. சாய்ந்த கண்ணாடியில் காற்று வழுக்கி மேலேறித் துளிகளை இழுத்துச் செல்கிறது. மாருதி ஆம்னி வேனில் இருப்பதுபோன்ற நிமிர்ந்த கண்ணாடியில் காற்று முட்டி நிற்பதால் அந்த உதவி குறைகிறது.

பூச்சு வேண்டும் என்று முடிவு செய்தால், கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு குலங்கள். ஒன்று சிலிக்கோன் வகை. 1970களிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்ட ரெயின்-எக்ஸ் இந்த வகையில் மூத்தது. சில நூறு ரூபாயில் ஒரு புட்டி வாங்கி, துணியில் ஊற்றித் தேய்த்து, வெண்மை படர்ந்ததும் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. தவறு செய்தாலும் மறுபடி செய்துகொள்ளலாம். ஆனால் ஆயுள் குறைவு. வைப்பர் ஓடும் இடத்தில் சில வாரங்களில் தேய்ந்துவிடும். இன்னொன்று ஃப்ளோரின் வகை. அமெரிக்காவின் பிபிஜி நிறுவனம் உருவாக்கிய அக்வாபெல் இதில் பெயர் பெற்றது. இந்த மூலக்கூறுகள் கண்ணாடியோடு வேதிப் பிணைப்பு கொள்வதால் மாதக்கணக்கில் நிற்கும். துளி உருள்வதும் சிலிக்கோனைவிடச் சுறுசுறுப்பு. விலை கூடுதல், அதைவிட முக்கியமாக, பூசும் முறையில் சோம்பல் கூடாது. கண்ணாடியைச் சீரியம் ஆக்சைடு பாலீஷால் தேய்த்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இல்லாத நிலையில், நிழலில் பூச வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நின்ற காரின் கண்ணாடியில் பூசினால் ஊற்றிய நொடியில் காய்ந்து கோடுகோடாகப் படியும். அந்தக் கோடுகள் இரவில்தான் தம்மைக் காட்டும்.

இந்த இரண்டில் எதைத் தேர்வது என்று கேட்டால், முன்கண்ணாடிக்கு ஃப்ளோரின் வகையையே சொல்வேன். மலிவான சிலிக்கோன், வைப்பர் ஓடும் வளைவில் திட்டுத்திட்டாகத் தேய்கிறது. பாதி இடம் உருண்டையும் பாதி இடம் படலமுமாக இருக்கும் கண்ணாடியைவிட, முற்றிலும் பூசாத கண்ணாடி எவ்வளவோ மேல். ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கும், பின்னால் வருவதைக் காட்டும் வெளிப்புற ஆடிகளுக்கும் சிலிக்கோனே போதும். அங்கே தேய்க்க வைப்பர் இல்லை. மழையில் ஆடி தெரியாமல் தடம் மாற நேரும் ஆபத்து பெரிது. மழைப் பூச்சுக்காக நான் செலவழித்ததில் மிக அதிகப் பயன் தந்தது வலப்பக்க ஆடியில் பூசிய அந்த ஒரு கரண்டி திரவம்தான். இந்தப் பகுதியை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

டீடெய்லிங் கடைகளில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்து தரும் 'செராமிக் கிளாஸ் கோட்டிங்' வேறு குலம் என்று நினைக்க வேண்டாம். பூச்சைவிட, பூசுவதற்கு முன் அவர்கள் செய்யும் பாலீஷ் வேலைக்குத்தான் அந்தப் பணம் போகிறது. பாலீஷ் நேர்த்தியாக இருந்தால் பணம் வீண் இல்லை. பூச்சோடு சேர்த்து இலவசமாக மெழுகும் போட்டுத் தருவதாகச் சொன்னால், முன்கண்ணாடியில் மட்டும் மெழுகு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். வாஷர் டேங்கில் கலந்து தெளிக்கும் மழைத் திரவங்கள் ஓரிரு நாள் வேலை செய்யும், அவ்வளவே.

இவற்றுக்கு நேர் எதிரான தத்துவத்தில் நிற்பவை நம் ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியங்கள். உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்ப்பது, புகையிலைத் தூளை நனைத்துத் துடைப்பது, ஷாம்பு தடவுவது ஆகியவை நீரைத் திரட்டாமல் பரப்புகின்றன. துளிகள் ஒன்று சேர்ந்து ஒரே படலமாக வழிவதால் ஊடே பார்க்க முடிகிறது. நடுவழியில் வைப்பர் மோட்டார் நின்றுபோன ஒரு லாரிக்காரர் அடுத்த ஊர் சேர இது உதவும். நாமக்கல், சங்ககிரி பக்கத்து மூத்த ஓட்டுநர்களைக் கேட்டால் சொல்வார்கள். குறைந்த வேகத்தில் இது விலை உயர்ந்த பூச்சைவிட நன்றாகவே வேலை செய்யும் என்பதை ஏளனம் செய்யாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பலத்த மழையில் சில நிமிடங்களில் கழுவிப் போய்விடும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது மட்டும் கூடவே கூடாது. அது விட்டுச் செல்லும் எண்ணெய்ப் பிசுக்கு இரவு மழையில் எதிர் விளக்கை ஒளிவட்டமாக்கிக் கண்ணைக் குருடாக்கும்.

பூச்சின் உண்மையான போட்டியாளர் வேறொரு பூச்சு இல்லை. சுத்தமான கண்ணாடியும் புது ரப்பரும்தான். இந்தப் பக்கத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொங்கு நாட்டில் கண்ணாடிக்கு இரண்டு எதிரிகள். முதலாவது, போர் தண்ணீர். அதில் கரைந்துள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும், கழுவிவிட்டு வெயிலில் காயவிட்ட கண்ணாடியில் வெள்ளை வளையங்களாகப் படிகின்றன. ஆறு மாதம் அப்படிக் கழுவினால் நகத்தால் தடவும்போதே சொரசொரப்பு தெரியும். ரப்பர் அதன்மேல் வழுக்க முடியாமல் துள்ளும். புதிய வளையத்தைக் காடியால் கரைத்துவிடலாம், பழையதற்குப் பாலீஷ்தான். உப்புக் குறைந்த சிறுவாணித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்வது கோவை வீடுகளில் எழுதாத சட்டம். ஆனாலும் வாஷர் டேங்குக்குத் தேவைப்படும் இரண்டு மூன்று லிட்டருக்கு மட்டும் அந்தச் சட்டத்தைத் தளர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன். சிறுவாணி இல்லாத ஊர்களில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம்.

இரண்டாவது எதிரி வெயில். ஈரோட்டிலும் கரூரிலும் பங்குனி தொடங்கி மூன்று மாதம் வெட்டவெளியில் நிற்கும் காரில் வைப்பர் ரப்பர் ஒரு முறைகூட வேலை செய்யாமலே இறுகி வெடித்துவிடும். டயரைத் தட்டிப் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட ரப்பரை, அது 'கீச்'சென்று கத்தத் தொடங்கும்வரை நினைப்பதில்லை. விரலால் ரப்பரின் விளிம்பை நீளவாக்கில் தடவிப் பாருங்கள். விரலில் கரி ஒட்டினாலும், விளிம்பு ஓரிடத்தில் பல்லாகத் தட்டுப்பட்டாலும் அதன் காலம் முடிந்தது. இரண்டு பிளேடும் சேர்ந்து ஒரு நல்ல பூச்சுப் புட்டியின் விலைக்குள் கிடைத்துவிடும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், ரப்பரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பூச்சு ரப்பருக்கே தொல்லை தரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கண்ணாடி ஓரிடத்தில் வழுக்கியும் ஓரிடத்தில் பிடித்தும் இருந்தால் பிளேடு தத்தித் தத்திப் போகும். பூசிய முதல் சில நாட்களில் இந்த அதிர்வு சிலருக்குப் பெரும் எரிச்சலாகிவிடுகிறது. பெரும்பாலும் இது துடைக்காமல் விட்ட எச்சத்தால் வருவது. ஆல்கஹாலால் கண்ணாடியையும் ரப்பரையும் துடைத்தால் குறையும். இன்னொன்று, பூசிய கண்ணாடியில் பிளேடு கடந்த உடனே பின்னால் ஒரு மெல்லிய பனிமூட்டம் படர்ந்து ஓரிரு நொடியில் மறையும். பிளேடு விட்டுச் சென்ற ஈரம் பொடித் துளிகளாகச் சிதறி உலர்வதே அது. உட்புறம் படியும் ஆவிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதற்கு ஏசி போட வேண்டும், பூச்சை உட்புறம் தடவக் கூடாது.

இவ்வளவு குறை சொல்வதால் பூச்சு வெறும் வியாபாரம் என்று சொல்பவர்களோடு நான் சேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 1997-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த ஆய்வில், இரவு மழையில் பூசிய கண்ணாடியின் வழியே பார்த்தவர்களின் பார்வைக் கூர்மை சுமார் மூன்றில் ஒரு பங்கு மேம்பட்டது. சங்ககிரியில் என் மச்சினன் கண்டதும் அதைத்தான். ஆனால் அந்த நன்மையை வாங்கும் முன், நம் வண்டி எந்தச் சாலையில் நனையப் போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருப்பூருக்கும் சேலத்துக்கும் நடுவே ஐப்பசி, கார்த்திகையில் வாரம் இரண்டு முறை மாலையில் போய்வரும் ஒருவருக்கு ஃப்ளோரின் பூச்சு கொடுத்த காசுக்கு உழைக்கும். வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் அப்படியே. வால்பாறைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு நான் முன்கண்ணாடிப் பூச்சைப் பரிந்துரைக்க மாட்டேன். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை காணும் இடங்களில் ஒன்று. அங்கேதான் பூச்சு அதிகம் வேண்டும் என்று தோன்றும், ஆனால் அந்தச் சாலைகளின் வேகமும் சாரலும் கவர்க்கல் மூடுபனியும் பூச்சுக்கு எதிரானவை. திம்பம், குன்னூர் மலைப்பாதைகளுக்கும் இதே கணக்குதான். தாராபுரம், காங்கயம் பக்கம் மழை நாட்களைவிடப் புழுதி நாட்கள்தாம் அதிகம். புழுதியோடு வைப்பர் ஓடும்போது பூச்சும் தேய்கிறது, கண்ணாடியும் கீறுகிறது, ஆகவே அங்கே ரப்பரும் நல்ல தண்ணீரும் போதும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகர ஓட்டத்திலும் முன்கண்ணாடியில் பூச வேண்டிய தேவையை நான் காணவில்லை.

என் காரில் இப்போது, வைகாசி முடிவில் ரப்பர் மாற்றுகிறேன். ஆடிகளிலும் பக்கக் கண்ணாடிகளிலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிலிக்கோன் தடவுகிறேன். புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், முன்கண்ணாடியின் இரு பக்கமும் ஃப்ளோரின் பூசுகிறேன். பொங்கலுக்குப் பிறகு வைப்பர் ஓடும் வளைவில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். முழுவதும் ஒரே சீராக உருண்டால் விட்டுவிடுவேன். வளைவின் ஓரம் உருண்டு நடுவில் பரவினால், அடுத்த மலைப்பயணத்துக்கு முன் பாலீஷ் போட்டு முழுவதையும் எடுத்துவிடுவேன்.