சேபர் ஸ்னைப்பர்: பெங்களூர் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன்

பட்டாளத்தில் பல வருஷம் ட்ரகுனோவ் என்ற ரஷ்ய ஸ்னைப்பர் துப்பாக்கியைச் சுமந்தவன் நான். அதனால் ஒரு பாதுகாப்புக் கண்காட்சியில் எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் நிறுவனத்தின் அரங்கில் அவர்கள் செய்த சேபரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். சுட்டுப் பார்க்க வழியில்லை, கையில் எடுத்துப் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே ஏற்றிப் பூட்டும் பகுதி. பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்கினால் 'க்ளக்' என்று பூட்டிக்கொள்கிறது. எங்கேயும் சொரசொரப்பு இல்லை, ஆட்டம் இல்லை. நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தேன், அரங்கில் இருந்த தம்பி பொறுமையாக நின்றார், அப்புறம் கன்னம் வைக்கும் பகுதியை என் முகத்துக்குத் தோதாக ஏற்றியும் கொடுத்தார்.

ட்ரகுனோவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அடுத்த ரவுண்ட் அதில் தானே ஏறும், இதில் ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்ற வேண்டும். ஆனால் 800 மீட்டர் தாண்டினால் ட்ரகுனோவை நம்ப முடியாது, எதிர் மலை முகட்டில் ஆள் நடமாட்டம் தெரிந்தும் சும்மா பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். சேபர் .338 லபுவா மேக்னம் தோட்டா போடுவது, 1500 மீட்டர் வரை போகும் என்கிறது நிறுவனம். குரூப்பிங், அதாவது அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் விழும் வட்டம், ஒரு எம்ஓஏ-வுக்குள் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்கிறார்கள். 100 மீட்டரில் அது 3 சென்டிமீட்டர் வட்டம், கணக்குப்படி 1000 மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்.

எடை இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஸ்கோப், பைபாட் (முன்னால் ஊன்றும் இரட்டைக் கால்) எல்லாம் மாட்டி மலை ஏறினால் தோள்பட்டை வாங்கிவிடும். இந்த ரகத் தோட்டாவின் உதையைத் தாங்க அந்தக் கனமும் வேண்டும்தான்.

இதைச் செய்தது வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்து வளர்ந்த பெங்களூர்க் குழுமம். நம் ராணுவமோ ஸ்னைப்பர் துப்பாக்கிகளை 2019-இல் அமெரிக்காவின் பாரெட், இத்தாலியின் பெரெட்டா, அப்புறம் பின்லாந்தின் சாக்கோ என்று வெளிநாட்டில் வாங்கியது. சேபரை 2024-இல் ஒரு நட்பு நாடு வாங்கியதாகச் செய்தி வந்தபோது பெருமையாகவும் இருந்தது, ஆதங்கமாகவும் இருந்தது. நம் பசங்க கையில் இது நிறைய இருக்க வேண்டாமா?

இதைப் பனியில் ஒரு ராத்திரி போட்டுவைத்து, விடிகாலையில் விரல் மரத்துப்போன கையோடு அந்த போல்ட்டை இழுத்துப் பார்க்கணும். கூப்பிட்டால் இப்போதும் வருவேன்.