பிராங்க்ளின் அடுப்பா, ரம்ஃபோர்டு கணப்பா?

மசாசுசெட்ஸில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில், சுவரோடு கட்டிய விறகு நெருப்பிடமான கணப்பை மூட்டினால் முகம் சுடும், முதுகு குளிரும், கண் எரியும். அதற்குள் ஓர் இரும்பு அடுப்பை வைப்பதா, இடித்து வேறு மாதிரி கட்டுவதா? ஒரு கோடை முழுக்க இதே பேச்சுதான். இரண்டுமே இருநூறு வருஷத்துக்கு முந்தைய யோசனைகள். தந்த இருவர் பெயரும் பெஞ்சமின்.

மின்னலுக்குப் பட்டம் விட்ட பிராங்க்ளின், மின்சாரத்தில் இறங்கும் முன்பே, 1744-ல், தன் கணப்பைப் பற்றிச் சிறுநூல் வெளியிட்டார். வார்ப்பிரும்புப் பெட்டி. புகை மேலே எழுந்து, ஒரு காற்றறையின் பின்னால் கீழிறங்கி, தரையடியில் போய், அப்புறம்தான் புகைபோக்கியில் ஏறும். காற்றறையில் சூடான காற்று வீட்டுக்குள் வரும். பென்சில்வேனியா ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தும் அவர் வாங்கவில்லை. அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனாலும் நாங்கள் கட்டியது ரம்ஃபோர்டு. காரணம் புகைதான்.

புகையை மேலே தூக்குவது அதன் சூடு. பிராங்க்ளின் அந்தச் சூட்டை வழியிலேயே உறிஞ்சிவிட்டுப் புகையைக் கீழேயும் இறங்கச் சொல்கிறார். நெருப்பு தணிந்தால் புகை அறைக்குள் திரும்பும். ஆறிய புகை புகைபோக்கிச் சுவரில் தார் மாதிரி கீலாகப் படியும், அது தீப்பற்றக்கூடியது. பின்னால் வந்தவர்கள் அந்தச் சுற்றுவழியை எடுத்துவிட்டார்கள். இன்று அவர் பெயரில் விற்கும் அடுப்புகளிலும் அது கிடையாது. ஆனால் கதவை மூடி மந்தமாக எரியவிட்டால் கீல் படியத்தான் செய்கிறது. பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைச் சுரண்டியபோது கண்ணாடிச் சில்லு மாதிரி கறுப்பாக, பளபளவென்று விழுந்ததைப் பார்த்தேன்.

ரம்ஃபோர்டு பிரபுவான பெஞ்சமின் தாம்சன் பக்கத்து ஊரான வோபர்னில் 1753-ல் பிறந்தவர். 1790-களில் அவர் சொன்னது எளிது: கணப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டு, புகை நுழையும் தொண்டையை நாலு அங்குலமாகச் சுருக்கு. சூடு சாய்ந்த சுவரில் பட்டு அறைக்குள் வரும். புகை ஆறாமல் நேரே மேலே போய்விடும். கொத்தனார் வேலை முடித்ததும் முதலில் ஊதுபத்தி ஏற்றிக் கணப்பின் வாயருகே பிடித்தேன். புகை இழை வளைந்து உள்ளே ஓடியது.

செலவு இரும்பு அடுப்பைவிடக் கூடுதல். இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது, அதுவும் மாலை நேரத்துக்கு மட்டும். ஜனவரியில் ஓர் இரவு மின்சாரம் போய், வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றபோது, மணிக்கொரு தரம் எழுந்து விறகு போட்டேன். ராத்திரி முழுக்க விறகையே நம்பும் வீடு என்றால், கதவுள்ள இரும்பு அடுப்பையே வாங்கச் சொல்வேன்.