மகள் சலூன் போடப் போகிறாள்: டவுன் கடையா, வீட்டு முன் அறையா, உப்புவெளியா?

திருகோணமலையில் இடம் பார்க்கப் போவதற்கு முன்னால் யாருடைய தலை என்று முடிவு செய்யுங்கள். ஆண்கள் சலூனுக்கும் பெண்கள் சலூனுக்கும் கத்தரிக்கோலையும் கண்ணாடியையும் விட்டால் பெரிய ஒற்றுமை இல்லை. ஆண்கள் மூன்று நான்கு கிழமைக்கு ஒருதரம் வெட்டுவார்கள். வேலை முடிந்து வரும் வழியில் கதிரை காலியா என்று எட்டிப் பார்ப்பார்கள், காலியென்றால் ஏறி இருப்பார்கள், இல்லையென்றால் அடுத்த கடை. பெண்கள் அப்படி வருவதில்லை. மச்சாள் சொன்னாள் என்று வருவார்கள், வாட்ஸ்அப்பில் நேரம் கேட்டுவிட்டு வருவார்கள், கைவேலை பிடித்துப்போனால் பாலையூற்றிலிருந்து உவர்மலைக்கு ஓட்டோ பிடித்தும் வருவார்கள். மகன் என்றால் வீதி முக்கியம், மகள் என்றால் வாய்வழிப் பேர் முக்கியம். என்.வி.கியூ. 4 தொழில் தகைமைச் சான்றிதழை எடுத்துக்கொண்டு "அம்மா, நான் சலூன் போடப் போறன்" என்று நிற்கும் மகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மகனுக்குக் கணக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் டவுன் கடை. மத்திய வீதி, என்.சி. வீதி, டொக்யாட் வீதிப் பக்கம் ஒரு கடை எடுத்தால் பெயர்ப்பலகை தானாகவே வேலை செய்யும். பஸ் நிலையமும் சந்தையும் கிட்ட, சாமான் வாங்க வருகிற சனம் அப்படியே ஒரு த்ரெடிங் செய்துகொண்டு போகும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைப் படகுக்குக் காத்து நிற்கும் வேலையும் இல்லாமல் போனதால் அந்தப் பக்கத்துச் சனமும் நினைத்த நேரத்துக்கு டவுனுக்கு வருகிறது. இதெல்லாம் நல்லதுதான். பிரச்சினை, காசு எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. அட்வான்ஸ் முதலாளியிடம் போய்விடும். தரைக்கு டைல், மேலுக்கு சீலிங், சுவரில் பதித்த லைற், ஏசி என்று செலவழிப்பதெல்லாம் அந்தக் கட்டடத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும், கடை நன்றாக ஓடுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த முதலாளி வாடகையைக் கூட்டிக் கேட்பார், நீங்கள் போட்ட டைலின் அழகுக்கும் சேர்த்து. கனடாச் சித்தப்பா அனுப்பிய காசு பல கடைகளில் இப்படித்தான் இன்னொருவருடைய சுவராகிப் போகிறது.

கடைதான் என்று முடிவெடுத்தால் ஒப்பந்தத்தைக் கட்டாயம் நொத்தாரிசு முன்னால் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அப்படி எழுதப்படாவிட்டால் நம் நாட்டுச் சட்டத்தில் அது நிற்காது. "தெரிஞ்ச ஆள்தானே" என்று வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூட்டும் வாடகை எவ்வளவு, இடையில் எழும்பச் சொன்னால் அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். இன்னொரு செலவும் வரும். கடை என்றால் உதவிக்கு ஒரு பிள்ளை வேண்டும், சம்பளத்துக்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எப்.) 3 வீதமும் உங்கள் மகளின் பக்கத்துக் கணக்கு. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் அது பொருந்தும்.

வீட்டு முன் அறை பலருக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. இவ்வளவு படிக்க வைத்து, கோர்ஸுக்குக் கட்டி, கடைசியில் விறாந்தையிலா என்று அப்பாமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் பெண்கள் சலூனுக்கு அந்த அறைதான் பலம். வெளியே இருந்து ஆள் பார்க்க முடியாது, வாசலில் பெடியன்கள் நிற்க மாட்டார்கள், பர்தா போடும் பெண்கள் தயக்கமில்லாமல் முக்காட்டை எடுக்கலாம். திருமலையில் இது சின்ன விஷயமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் நம் கல்யாணங்கள் நின்றுபோகிற நேரத்தில் முஸ்லிம், கத்தோலிக்க, சிங்கள வீடுகளின் வேலைதான் நாட்குறிப்பை நிரப்பும். (மகளுக்குச் சிங்களம் கொஞ்சமாவது பேச வருமா என்று பாருங்கள். அது ஒரு ஏசிக்குச் சமம்.) அதைவிட, பெரிய காசு வருவது வெட்டுவதிலிருந்து இல்லை; கல்யாணப் பெண்ணின் அலங்காரம், சாமத்திய வீட்டுக்குச் சேலை கட்டி, தலை அலங்கரித்து, கூட வரும் மாமிமாருக்கும் கொண்டை போட்டு விடுவது, இதிலிருந்துதான். அந்த வேலை பெரும்பாலும் அவர்கள் வீட்டுக்கே போய்ச் செய்வது, விடியப்புறம் மூன்று மணிக்கு. அதற்கு மத்திய வீதியில் கடை எதற்கு?

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைக்கக் கூடாது. முதலாவது தண்ணீர். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கும், ஷாம்பு நுரைக்காது, சாயம் போட்ட முடியை அதில் அலசினால் முரடாகப் போகும். குழாய்த் தண்ணீரும், அது நிற்கிற நாளுக்கு மேலே ஒரு தாங்கியும் இல்லாமல் தொடங்க வேண்டாம். இரண்டாவது கரண்ட். வீட்டு மீட்டரில் வியாபாரம் நடத்தக் கூடாது, அதற்குப் பொது நோக்கக் கட்டணம் வேறு. ஒரு நல்ல ஹெயார் ட்ரையர் 1,800 வாட்ஸ் இழுக்கும், பத்து நிமிடத்துக்கு 0.3 யூனிட், அதோடு ஸ்ட்ரெயிட்னர், வெந்நீர் என்று சேரும்போது வீட்டு பில்லும் கடை பில்லும் கலந்து கிடந்தால் லாபமா நட்டமா என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது காற்று. சில ஸ்ட்ரெயிட்னிங் மருந்துகளைச் சூடாக்கும்போது பார்மல்டிஹைட் வெளியேறும், கண் எரியும், நெஞ்சு அடைக்கும். ஜன்னலை அடைத்து ஏசி போட்ட சின்ன அறையில் நாள் முழுக்க அதைச் சுவாசிப்பது உங்கள் பிள்ளை. வெளியே இழுக்கும் விசிறி ஒன்று ஏசிக்கு முன்னால் வர வேண்டும்.

அப்புறம் வீட்டு ஆட்கள். அப்பா சாரத்தோடு குறுக்கே நடப்பார், ஹோலில் நாடகம் ஓடும், பக்கத்து வீட்டு அன்ரி "பிறகு தாறன் பிள்ளை" என்று புருவம் எடுத்துக்கொண்டு போவா, பெரியம்மாவின் பிள்ளைகளிடம் காசு கேட்டால் குடும்பச் சண்டை. இதற்கு வழி, அறைக்கு வெளியிலிருந்தே ஒரு தனிக் கதவும், சுவரில் விலைப்பட்டியலும். பட்டியலைப் பிள்ளை ஒட்டட்டும், சொந்தக்காரரிடம் அதைக் காட்டிப் பேசுவது அம்மாவின் வேலை. பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி காசைவிட இதுவாக இருக்கலாம்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் கடைக்கு அது சரிவராது என்பது என் எண்ணம். வெள்ளைக்காரர் வரும் சீசன் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும்தான், வாடகையோ வருடம் முழுக்க. கார்த்திகை மழையில் அந்த வீதியில் நாய்தான் நடக்கும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அடுத்த வருடம் கொரோனா, 2022இல் டீசலும் கரண்டும் இல்லாத காலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது அந்தக் கரை எப்படி வெறித்துக் கிடந்தது என்பதை ஊரே பார்த்தது. உப்புக் காற்றில் கிளிப்பரும் கத்தரிக்கோலும் துருப்பிடிக்கும், ஒவ்வொரு இரவும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். சீசனுக்கு மட்டும் ஹோட்டல் ஒன்றோடு பேசிக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் போய் வருவது நல்ல வழி. நிலாவெளியில் கடையே எடுப்பதென்றால் அது குச்சவெளிப் பிரதேச சபைப் பக்கம், அனுமதிக்கு டவுன் சபைக்குப் போய் நிற்க வேண்டாம்.

யாரும் கணக்கில் எடுக்காத நாலாவது வழி ஒன்றுண்டு: ஒரு வருடம் இன்னொருவர் கடையில் நிற்பது. மகனுக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். வெட்டுகிற காசில் பங்கு பேசிக்கொண்டு கதிரை தரும் கடைகள் உண்டு, சனிக்கிழமை பின்னேரக் கூட்டத்தில் ஒரு தலைக்கு எத்தனை நிமிடம், செவ்வாய்க்கிழமை ஏன் ஈ ஓட்ட வேண்டியிருக்கிறது, வெள்ளி ஜும்மாவுக்கு முன்னால் எப்படி நிரம்பும் என்பதெல்லாம் எந்த கோர்ஸிலும் வராது. மகளுக்கும் நல்லதுதான், ஆனால் நிற்கிற கடை எப்படிப்பட்டது, இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று அம்மா ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். ஒரு எச்சரிக்கை: அங்கே வந்த வாடிக்கையாளரின் நம்பரைக் களவாக எழுதிக்கொண்டு வெளியே வந்து கடை போடுவது சின்ன ஊரில் செல்லாது, இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

இனிக் காசு. சும்மா கொடுப்பதா, கடனாகவா, பங்காகவா, பிணையா? பிணையைத்தான் ஆட்கள் லேசாக நினைக்கிறார்கள், ஒரு கையெழுத்துத்தானே என்று. நீங்கள் பிணை நின்ற கடனும் உங்கள் பெயரில் கிறிப் என்ற கடன் தகவல் பணியகத்தில் தெரியும், நாளைக்கு உங்களுக்கு ஒரு வீட்டுக் கடன் வேண்டும் என்றால் அங்கே வந்து நிற்கும். பங்கு என்றால் இன்னும் சிக்கல், கடை பட்ட கடனுக்குப் பங்காளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டினால் பங்குடமையை எழுத்தில் வைத்துக் கையெழுத்திட வேண்டும் என்கிறது 1840இல் வந்த சட்டம், அது இன்றைக்கும் இருக்கிறது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியும்போது பிள்ளையின் பெயரில் மட்டும் பதியுங்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடனை இந்தத் தொழிலுக்கு எடுக்கவே வேண்டாம், மழைக்காலக் கிழமைகளில் அதைக் கட்ட முடியாது.

என்னைக் கேட்டால் காசாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுப்பேன். ஏற்றி இறக்கும் கதிரை ஒன்று, தலை கழுவும் பேசினோடு கூடிய கதிரை, நல்ல கத்தரிக்கோல் இரண்டு, ட்ரையர், அலங்காரப் பெட்டி, துவாய் இரண்டு டசின், கருவிகளை ஊற வைக்கும் கிருமிநாசினி. மகனென்றால் ஒவ்வொரு ஆளுக்கும் புது பிளேட், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது, ஹெப்பற்றைற்றிஸ் பி சவரக் கத்தியிலும் தொற்றும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தால் முதலில் பார்ப்பதும் அதைத்தான். இவை எல்லாவற்றையும் ஒரு சின்ன லொறியில் ஏற்றலாம். இடம் சரிவராவிட்டால் தூக்கிக்கொண்டு போகலாம், மனம் மாறினால் விற்கவும் செய்யலாம்.

என் வரிசை இதுதான். மகளுக்கு முன் அறை, கூடவே அலங்கார வேலை. மகனுக்கு முதல் வருடம் பிறர் கடை, பிறகு வீதியோரத்தில் ஒற்றைக் கதிரை. கல்யாண மாதங்களில் நேரம் இல்லையென்று ஆட்களைத் திருப்பி அனுப்புவது வழக்கமாகி, உதவிக்கு நிற்கும் பிள்ளைக்கு அறையில் நிற்க இடமில்லை என்ற நிலை வந்தால் அப்போது டவுனில் கடை பாருங்கள். பெண்கள் சலூன் என்றால் மேல்மாடி போதும், படியேறி வருவார்கள். வாடகை கீழ்த்தளத்தைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள், தண்ணீர் அழுத்தம் மட்டும் ஏறுகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அட்வான்ஸைக் கொடுங்கள்.