கடலோர வீட்டின் வெளிப்புறம்: 2016 முதல் இன்று வரையிலான பயன்பாட்டு அனுபவம்

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், கடலிலிருந்து சில தெருக்கள் உள்ளே ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் எங்கள் வீடு இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் நடுவில் கிரகப்பிரவேசம் நடந்தது. எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புத் தோற்ற வேலையைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் வண்ணம் காய்வதற்குள் எழுதப்பட்டுவிடுகின்றன. வர்தா புயல், 2019-இன் தண்ணீர்ப் பஞ்சம், ஊரடங்குக் காலம், மிக்ஜாம் புயல் மழை ஆகிய அனைத்தையும் கண்ட ஒரு வெளிப்புறம் இன்று எந்த நிலையில் இருக்கிறது, அதில் எந்த இடத்தை வீட்டார் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கடலோரத்தில் வீடு கட்டப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வீடு கிழக்கு பார்த்தது. தென்கிழக்கு மூலையில் திண்ணையோடு கூடிய சிட்-அவுட், அதற்கு முன்னால் சிறு தோட்டம், வடக்குப் பக்கம் கார் நிற்கும் போர்டிகோ, முதல் மாடியில் பால்கனி, மொட்டை மாடியில் ஒரு பெர்கோலா (தூண்கள்மேல் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடுக்கிய பந்தல்) என்பதுதான் அமைப்பு. முகப்புச் சுவரின் பெரும்பகுதிக்குச் சுண்ணாம்புப் பூச்சும், காம்பவுண்டுச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சும் கொடுக்கப்பட்டன.

உப்புக்காற்று முதலில் தேடிப் பிடிப்பது உலோகத்தை. பால்கனிக் கைப்பிடிக்கு, வழக்கமாக எங்கும் பயன்படுத்தப்படும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களையே ஒப்பந்ததாரர் பொருத்தினார். இரண்டாம் ஆண்டிலேயே அவற்றின்மேல் தேநீர்க் கறை போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றத் தொடங்கின. இந்த எஃகைத் துருவிலிருந்து காப்பது, அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். கடற்காற்றில் வரும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடுகிறது. 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்வதால் அது இந்தத் தாக்குதலை வெகுவாகத் தாங்குகிறது. விலை கூடுதல்தான் என்றாலும் கடலுக்கு இவ்வளவு அருகில் வேறு தேர்வு இல்லை என்பதே என் உறுதியான கருத்து. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மழை நேராக விழும் மேற்பகுதி பளிச்சென்றிருக்க, மழை படாத அடிப்பகுதியிலும் சன்ஷேடுக்குக் கீழே மறைந்த இணைப்புகளிலும்தான் கறை அதிகம் படிகிறது, ஏனெனில் அங்கே சேரும் உப்பைக் கழுவ எதுவும் வருவதில்லை. ஈரத்துணியால் நல்ல தண்ணீர் கொண்டு அடிக்கடி துடைத்து வந்தால் 304 கூட நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். அந்த உழைப்புக்கு வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது. நுழைவாயில் கேட்டின் சட்டங்கள் சூடான துத்தநாகக் குளியலில் முக்கியெடுக்கப்பட்டவை என்பதால் இன்றும் உறுதியாக உள்ளன. அதே கேட்டில் அழகுக்காகப் பதித்த, லேசரில் பூவேலை வெட்டிய தகடோ வெட்டப்பட்ட ஒவ்வொரு விளிம்பிலும் துருவேறி, 2020-க்குள் கழற்றப்பட்டுவிட்டது.

சுவர்களைப் பொறுத்தவரை சுண்ணாம்புப் பூச்சு எனக்குப் பெரும் மனநிறைவைத் தந்திருக்கிறது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாக இறுகுகிறது. சுவருக்குள் புகும் ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடுகிறது. ஆகவே மழைக்காலத்தில் நிறம் மங்கினாலும் தை பிறப்பதற்குள் தானாகத் தெளிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போகிக்கு முன் வெள்ளையடித்தால் போதும். காம்பவுண்டுச் சுவரின் கதை வேறு. தரையிலிருந்து ஏறும் ஈரத்தோடு உப்பும் ஏறி, சிமெண்டுப் பூச்சுக்கும் எமல்ஷன் வண்ணத்துக்கும் நடுவே படிகமாகி, அடியிலிருந்து இரண்டடி உயரம் வரை ஆண்டுதோறும் பொரிந்து உதிர்கிறது. அந்த இரண்டடியை மட்டும் 2022-இல் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புப் பூச்சாக மாற்றிய பிறகு உதிர்வது பெருமளவு நின்றிருக்கிறது. சன்ஷேடுகளின் அடிப்பக்க விளிம்பில் தண்ணீர் சொட்டுவதற்காக விடப்படும் சிறு காடியை மேஸ்திரி எல்லா இடத்திலும் விட்டு, பின்பக்க ஜன்னல் ஒன்றில் மட்டும் விடவில்லை. அந்த ஒரு ஜன்னலுக்கு மேலேதான் இன்றும் கரும்பாசி வடிந்து நிற்கிறது. விரல் அகலமுள்ள ஒரு காடி ஒரு சுவரின் முகத்தையே தீர்மானிக்கிறது என்பதை வருவோர் எல்லோருக்கும் காட்டுகிறேன்.

முகப்பில் ஏ.சி.பி. தகடு ஒட்டலாம் என்ற யோசனை வரைபடக் கட்டத்திலேயே கைவிடப்பட்டது. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்த அந்தப் பொருள் எவ்வளவு வேகமாகத் தீயைப் பரப்பும் என்பதை 2017-இல் லண்டனின் கிரென்ஃபெல் டவரில், 72 உயிர்களைப் பலி கொண்ட விபத்தில் உலகமே பார்த்தது. தனி வீட்டுக்கு அந்த அளவு அபாயம் இல்லை என்பார்கள். ஆயினும் எங்கள் தெருவிலேயே சில வீடுகளில் தகடுகளுக்கு இடையிலுள்ள சீலண்ட் வெயிலில் வெடித்து, மழைநீர் உள்ளே புகுந்து, சுவர் நனைவது வெளியே தெரியாமலே நடப்பதைப் பார்க்கிறேன்.

இந்த வீட்டின் வெளிப்புறத்தில் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், தயங்காமல் சிட்-அவுட் என்பேன். அதன் ஆழம் எட்டடி. பெரும்பாலான புதிய வீடுகளில் நான்கடிக்குச் சிட்-அவுட் விடுகிறார்கள். நாற்காலி போட்டால் கால் நீட்ட இடமிருக்காது, சாரல் அடித்தால் உட்காரவே முடியாது. சுவரை ஒட்டிக் கட்டிய திண்ணை ஒன்றரை அடி உயரமும் இரண்டேகால் அடி அகலமும் கொண்டது. ஒருவர் சம்மணமிட்டு உட்காரவும், மதியத்தில் பெரியவர்கள் சாய்ந்து படுக்கவும் அது ஏற்றதாக இருக்கிறது. சென்னையில் கோடை நாள்களில் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகிறது. அது நண்பகலை ஒட்டி வந்துவிட்டால் நகரம் பிழைத்தது. தாமதமானால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். தென்கிழக்கு மூலையில் எந்தத் தடுப்பும் இல்லாமல் திறந்துவைத்ததால், காற்று கிளம்பிய சில நிமிடங்களில் அது திண்ணையில் உணரப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையின் சாரல் வரும் வடபுறத்தில் மட்டும் டெரகோட்டா ஜாலி, அதாவது துளையுள்ள சுடுமண் கற்களாலான தடுப்பு, கட்டப்பட்டிருக்கிறது. காற்றை விட்டு மழையின் வேகத்தை உடைக்க இதைவிட எளிய வழியை நான் அறியேன். ஜாலி வாங்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். நன்றாகச் சுட்டது கணீரென்று ஒலிக்கும். சூடு போதாதது மந்தமாக ஒலிக்கும், உப்புக்காற்றில் சில ஆண்டுகளில் செதிள் செதிளாக உதிரும். ஊரடங்குக் காலத்தில் இந்தத் திண்ணை பள்ளி வகுப்பாகவும் அலுவலகமாகவும் பயன்பட்டது. வீட்டின் மொத்தச் செலவில் மிகக் குறைந்த பங்கை வாங்கிக்கொண்ட இடம் மிக அதிகமாகப் பயன்படுவதைக் கண்ட பிறகு, முகப்பு அழகுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நிழலின் ஆழத்துக்கு ஒதுக்குங்கள் என்றே கேட்போரிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

சிட்-அவுட்டின் தரைக்குச் சொரசொரப்பான தாண்டூர் கல் பதித்தோம். வெறுங்காலுக்கு இதமானது, நனைந்தாலும் வழுக்குவதில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: இதுவும் கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தவை என்பதால், கறை போக்க ஆசிட் ஊற்றினால் கல்லே கரைந்து குழிவிழும். சுத்தம் செய்ய வருபவர்கள் கேட்காமலேயே ஆசிட் பாட்டிலைத் திறப்பார்கள். பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும்.

மொட்டை மாடிப் பெர்கோலாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று படங்களைப் பார்த்துப் பலரும் விரும்பிக் கேட்பது அதைத்தான். இடைவெளி விட்டு அடுக்கிய சட்டங்கள் குளிர்நாடுகளில் நிழல் தருவதற்குக் காரணம் அங்கே சூரியன் சாய்வாக வருவது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது, இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்கிறது. கத்திரி வெயிலில் அந்தச் சட்டங்களின் இடைவெளி வழியே வெயில் அப்படியே தரைக்கு இறங்கும். ஆகவே முதலில் மேலே பாலிகார்பனேட் ஷீட் போடப்பட்டது. அது மழையைத் தடுத்தது, வெப்பத்தைக் கீழே அடைத்து வைத்தது. ஐந்தாம் ஆண்டுக்குள் மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கியது. புற ஊதாக்கதிர்த் தடுப்புப் பூச்சு பெரும்பாலான ஷீட்டுகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொருத்துபவர்களே பல நேரங்களில் கவனிப்பதில்லை. 2021-இல் ஷீட்டை எடுத்துவிட்டு, துத்தநாகம் பூசிய சட்டத்தின்மேல் மங்களூர் ஓடு வேய்ந்தோம். 1865-இல் பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறித்தவ அமைப்பு மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியே பரவிய அந்த ஓடு, சூடான காற்றைத் தன் இடுக்குகள் வழியே மேலே விட்டுவிடுகிறது. புயல் காற்றுக்காக விளிம்பு வரிசைகள் அனைத்தும் கம்பியால் கட்டப்பட்டுள்ளன. மிக்ஜாமின்போது ஓர் ஓடுகூட நகரவில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் மாடி இப்போதுதான் உட்காரத் தக்க இடமாகியிருக்கிறது.

தரையைப் பற்றி. முன்தோட்டம் முழுவதும் தொடக்கத்தில் கொரியன் புல் இருந்தது. பார்க்க மிக அழகு, தாகமோ அளவற்றது. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருவே காத்திருந்தபோது, குடிக்கும் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவது மனம் ஒப்பாத செயலாகிவிட்டது. செயற்கைப் புல் போடலாம் என்றார்கள். தெரிந்தவர் வீட்டில் நண்பகலில் அதன்மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்ததோடு அந்த எண்ணம் போயிற்று. இப்போது நடைபாதைக்கு மட்டும் இடைவெளி விட்டுப் பதித்த கருங்கல் பலகைகள், மற்ற இடமெல்லாம் மணலும் சருகு மூடாக்கும் செடிகளும். எங்கள் பகுதியின் மண் மணற்பாங்கானது. மூடாமல் விட்டால் மழைநீரை ஆசையோடு குடிக்கும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருந்தும், குழாயையும் குழியையும் அமைத்துவிட்டு மனை முழுவதையும் பேவர் பிளாக்கால் மூடிவிடும் வழக்கம் வருத்தம் தருகிறது. போர்டிகோவின் தரைக்குப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்து, தண்ணீர் தெருவுக்குப் போகாமல் தோட்டத்துக்குத் திரும்பும்படி அமைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அவ்வளவு மழைக்கு எந்தத் தோட்டமும் ஈடுகொடுக்காது. ஆனாலும் தெருவில் வடிந்த அன்றே எங்கள் வாசலிலும் வடிந்துவிட்டது, அடுத்தடுத்த ஆண்டுகளின் சாதாரண மழைக்கு வாசலில் ஈரமே நிற்பதில்லை.

மரங்களில் வர்தா கற்பித்தது நிறைய. 2016 டிசம்பர் 12 அன்று அந்தப் புயல் கரையைக் கடந்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் விழுந்தவை மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும். அதன் பிறகு நாங்கள் நட்டவை புன்னையும் பூவரசும். இரண்டும் நெய்தல் நிலத்துக்கே உரியவை. உப்பும் மணலும் அவற்றுக்குப் பழக்கம். புன்னை மெதுவாகத்தான் வளர்கிறது, ஆனால் அதன் தடித்த இலைகள் ஆண்டு முழுவதும் அடர்த்தியாக நிற்பதால் காலை வெயிலைத் திண்ணைக்கு வராமல் தடுக்கிறது. சுவரோரத்தில் அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ ஆகியவை பராமரிப்பே கேட்காமல் பூக்கின்றன. கடையில் அழகாகத் தெரிந்த அலங்காரச் செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றில் இலை கருகிப் போயின.

விளக்குகளுக்கு மஞ்சள் ஒளியே போதும். வெள்ளை ஒளிக்குக் கூடும் அளவுக்குப் பூச்சிகள் இதற்குக் கூடுவதில்லை. சிட்-அவுட் அருகே இருந்த சிறு நீரூற்றைக் கொசுவுக்கு அஞ்சி மூடிவிட்டு, அதில் மண் நிரப்பித் துளசி வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டியது பால்கனிக் கைப்பிடி. 316 ரகத்துக்கு விலை கேட்டிருக்கிறேன். ரகத்தின் எண்ணை ஒப்பந்தத்திலும் ரசீதிலும் எழுதித் தர ஒப்புக்கொள்பவரிடம்தான் வேலையைக் கொடுக்கப்போகிறேன். பற்றவைத்த இடங்களைச் சுத்தப்படுத்தி மெருகேற்றுவதும் அதே ஒப்பந்தத்தில் சேர வேண்டும், ஏனெனில் பழைய கைப்பிடியில் கறை முதலில் கிளம்பியது அந்த இணைப்புகளில்தான்.